பரணில் இருக்கும் கிதாபும் கல்லூரியில் இருக்கும் நிதியும்

(நம் அறக்கட்டளையின் கல்விப் பிரிவு நடத்திய பெற்றோர், ஆசிரியர், ஆய்வு மாணவர் சந்திப்பில் செயலாளர் ஆற்றிய உரை)

 

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் நாம் பேசுவது உதவித்தொகை பற்றி. யாருக்குக் கட்டணம் பாக்கி, எந்தப் பிள்ளைக்கு விடுதிச் செலவு, எந்த விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்றுதான் பேச்சு போகும். இன்று பேச வந்தது அதுவல்ல. படித்து முடித்து, பட்டம் வாங்கி, கல்லூரியில் வேலைக்கும் சேர்ந்துவிட்ட நம் பிள்ளைகளைப் பற்றி. அவர்கள் வேலை பார்க்கும் நிறுவனத்துக்குள்ளேயே ஆய்வுக்கென்று ஒரு நிதி இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவது எப்படி, எதற்காக வாங்க வேண்டும், அதில் வீட்டில் இருக்கும் நமக்கு என்ன வேலை என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் நாம் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறோம். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நம் ஊரில் ஒரு குடும்பத்தார் ஒரு கையெழுத்துக் கிதாபை நம் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வீட்டு உம்மாவுக்கு உம்மம்மா எழுதியது. அரபு எழுத்து, தமிழ்ப் பேச்சு. நாம் அரபுத்தமிழ் என்கிறோமே, அது. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு என்ன கஷாயம், குழந்தைக்கு மாந்தம் வந்தால் என்ன கொடுப்பது, யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்தது, எந்தக் கப்பலில் மாப்பிள்ளை கொழும்புக்குப் போனார் என்று எல்லாம் அதில் இருந்தது. தாள் உடைந்துகொண்டே வந்தது. நாம் நல்ல எண்ணத்தோடுதான் செய்தோம். கடைக்குக் கொண்டுபோய்ப் பக்கம் பக்கமாக லேமினேஷன் போட்டுக் கொடுத்தோம். கூட்டம் கூட்டி, அந்த வீட்டாருக்குப் பொன்னாடையும் போர்த்தினோம்.

இன்று அந்தக் கிதாபை எடுத்துப் பார்த்தால் பிளாஸ்டிக்குக்கு உள்ளே தாள் பழுப்பேறிக் கிடக்கிறது. எழுத்து இருந்த இடமெல்லாம் ஊசிக்கண் ஊசிக்கண்ணாய் ஓட்டை. நம் ஊர் வேதியியல் ஆசிரியர் ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது கடுக்காயும் அன்னபேதியும் போட்டுக் காய்ச்சிய மை. இரும்புச் சத்து உள்ளது. ஈரமும் புளிப்பும் சேர்ந்தால் தாளைத் தின்னும். நீங்கள் சூடு காட்டி, காற்றுப் போக வழியில்லாமல் மூடியும் விட்டீர்கள். இனிப் பிரிக்கவும் முடியாது.”

அந்தக் கிதாபைப் படிக்கத் தெரிந்த ஆலிம் நம் ஊரில் இருந்தார். மையைப் பற்றித் தெரிந்த ஆசிரியரும் நம் ஊரில் இருந்தார். பழைய எழுத்தைப் படமெடுத்துக் கணினிக்குப் படிக்கச் சொல்லிக் கொடுக்கும் வித்தை படித்த பிள்ளையும் நம் ஊரில் இருந்தாள். மூன்று பேரும் ஒரே பள்ளிவாசல் தெருவில் குடியிருந்தார்கள். ஒருவரை ஒருவர் கேட்கவில்லை. நாமும் அவர்களைக் கேட்கவில்லை. பல துறைகள் சேர்ந்து செய்யும் ஆய்வு என்று பெரிய பெயர் வைத்துச் சொல்கிறார்களே, அது இல்லாததால் வந்த நட்டம் எது என்று எங்களைக் கேட்டால், நாங்கள் காட்டுவது அந்தப் பிளாஸ்டிக் கிதாபைத்தான்.

அரபுத்தமிழ் பற்றிக் கொஞ்சம்

இளைய பிள்ளைகள் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழை அரபு எழுத்தில் எழுதுவது நம் முன்னோர் கையாண்ட வழி. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக, இருக்கும் எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளிகள் சேர்த்துப் புதிய எழுத்துகளை உண்டாக்கினார்கள். எகரத்துக்கும் ஒகரத்துக்கும் தனிக் குறிகள் வைத்தார்கள். சின்ன வயதில் குர்ஆன் ஓதிய பெண்களுக்கு அரபு எழுத்து தெரியும். பள்ளிக்கூடம் போகாத பெண்ணும் இதனால் எழுதவும் படிக்கவும் செய்தாள். காயல்பட்டினம், கீழக்கரை முதல் இலங்கைக் கரை வரை இந்த எழுத்து ஓடியது. 1816 முதல் 1898 வரை வாழ்ந்த கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் இதில் எழுதியவை இரண்டு கரையிலும் ஓதப்பட்டன.

இதையெல்லாம் வெளியூர்க்காரர்கள் மதிக்கிறார்கள். 1572-ல் வந்த நம் ‘ஆயிர மசலா’வை, மலாய், ஜாவா மொழிகளில் அதே கதை எப்படி வந்தது என்பதோடு ஒப்பிட்டு, ரோனித் ரிச்சி என்ற அறிஞர் 2011-ல் ஒரு நூலே எழுதினார். தூரத்தில் இருப்பவர் கண்ணுக்குத் தெரிகிறது. பரணுக்குக் கீழே படுத்துத் தூங்கும் நமக்குத் தெரியவில்லை.

உள் நிதி என்றால் என்ன?

ஆய்வுக்குப் பணம் கேட்கும் இடங்கள் இரண்டு வகை. வெளியே தில்லியிலும் சென்னையிலும் இருக்கும் அமைப்புகளிடம் கேட்பது ஒன்று. தான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகமோ தன்னாட்சிக் கல்லூரியோ தன் சொந்தக் கணக்கிலிருந்து தன் ஆசிரியர்களுக்குக் கொடுப்பது மற்றொன்று. இதை விதைப்பணம் என்கிறார்கள். கல்லூரிகளைத் தரம் பார்க்கும் ‘நாக்’ மதிப்பீட்டில், ஆசிரியர்களுக்கு ஆய்வுக்காக விதைப்பணம் கொடுக்கிறீர்களா என்ற கேள்வியும் இடம்பெற்று வந்திருக்கிறது. அதனால் பல நிறுவனங்களில் இந்த நிதி ஏட்டிலாவது இருக்கிறது. தொகை இடத்துக்கு இடம் வேறு. சில இடங்களில் ஒரு துறை மட்டும் கேட்டால் ஒரு தொகை, இரண்டு மூன்று துறைகள் சேர்ந்து கேட்டால் கூடுதல் தொகை என்றும் வைத்திருக்கிறார்கள்.

விதைப்பணம் என்ற சொல்லே நல்ல சொல். விதைநெல்லை யாரும் ஆக்கித் தின்பதில்லை. ஓராண்டு சிறிதாகச் செய்து காட்டி, “இது முளைக்கும்” என்று நிரூபித்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே பெரிய நிதி கேட்பதற்குத்தான் இது. பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்தும் அழிவாய்ப்பில் உள்ள ஆவணங்களுக்கான திட்டம் போன்றவை உலகமெங்கும் உதவுகின்றன. மூலப் பிரதி சொந்த நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்பது அவர்கள் வைத்திருக்கும் நிபந்தனை. அப்படிப்பட்ட கதவைத் தட்டுவதற்கு முன், உள்ளூரில் கொஞ்சம் வேலை செய்து காட்டியிருக்க வேண்டும்.

ஆனால் நம் பிள்ளைகள் பலர் கேட்பதே இல்லை. ஏன் என்று விசாரித்தோம். “சுற்றறிக்கை வந்தது, பார்க்கவில்லை.” “பெரிய பேராசிரியர்களுக்குத்தான் கொடுப்பார்கள்.” “அரபித் துறைக்கு எதற்கு ஆய்வுப் பணம் என்று கேட்பார்கள்.” இப்படிப் பதில்கள். கேட்காமலே இல்லை என்று தீர்மானித்துக்கொண்டவர்களுக்கு யார் கொடுப்பார்கள்?

முதல் விண்ணப்பம் ஏன் திரும்பி வந்தது?

கேட்டவர்களும் இருக்கிறார்கள். முந்தின ஆண்டு நம் ஊரைச் சேர்ந்த மூன்று ஆசிரியர்கள் ஒன்றாக விண்ணப்பித்தார்கள். அரபித் துறையில் ஒருவர், கணினி அறிவியலில் ஒரு சகோதரி, வேதியியலில் ஒருவர். மூவரும் ஒரே நிறுவனம். தலைப்பு: அரபுத்தமிழ்ச் சுவடிகளைப் பாதுகாத்தலும் கணினிமயமாக்கலும். விண்ணப்பத்தை அனுப்புமுன் நம்மிடமும் காட்டினார்கள். நாம் பார்த்து, “மாஷா அல்லாஹ், அருமை” என்று சொல்லிக் கையெழுத்திட்ட ஆதரவுக் கடிதமும் கொடுத்தோம். திரும்பி வந்துவிட்டது. குழு எழுதியிருந்த குறிப்பின் சாரம் இதுதான்: இது ஒரு திட்டம் அல்ல, மூன்று திட்டங்களை ஒரே நூலில் தைத்திருக்கிறீர்கள்.

முதலில் எங்களுக்கு வருத்தம். நம் பாடம் என்பதால் ஒதுக்கிவிட்டார்களோ என்றுகூடப் பேசிக்கொண்டோம். பிறகு விண்ணப்பத்தை மீண்டும் எடுத்து நிதானமாகப் படித்தோம். குழு சொன்னது சரி. அரபி ஆசிரியர் வரலாற்றுக் கட்டுரை எழுதுவார். கணினி ஆசிரியை மென்பொருள் செய்வார். வேதியியல் ஆசிரியர் மையைச் சோதிப்பார். பணத்தை மூன்றாகப் பங்கிட்டிருந்தார்கள், சொத்துப் பிரித்த மாதிரி. நடுவில் ஒருவரை எடுத்துவிட்டாலும் மற்ற இருவரின் வேலை அப்படியே நடக்கும்.

அன்றைக்கு நாங்கள் கற்ற பாடத்தைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்தோம். கூட்டாய்வு விண்ணப்பம் எழுதுகிறவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: என் கூட்டாளியை எடுத்துவிட்டால் என் வேலை நிற்குமா? நின்றுபோகும் என்றால் அது கூட்டாய்வு. நிற்காது என்றால் தனித்தனியே கேளுங்கள். இரண்டு துறைப் பெயரைத் தலைப்பில் போடுவதால் ஒன்றும் ஆகாது.

ஒரே கேள்வி

மூவரையும் நம் அலுவலகத்தில் நாலு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு உட்கார வைத்தோம். எழுத வேண்டாம், பேசுங்கள் என்றோம். அரபி ஆசிரியர் சொன்னார்: “வீடு வீடாகப் போனால் ஆயிரக்கணக்கில் பக்கம் கிடைக்கும். ஆனால் படிக்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அவர்களுக்கும் வயதாகிவிட்டது.”

கணினி சகோதரி சொன்னார்: “கையெழுத்தைப் படிக்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கிராக்கன், ஈஸ்க்ரிப்டோரியம் என்று பெயர். அரபுக்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் அது நம் புள்ளி எழுத்துகளைப் பார்த்ததில்லை. யாராவது சில பக்கங்களை வரி வரியாகச் சரியாகப் படித்து எழுதிக் கொடுத்தால்தான் அது கற்றுக்கொள்ளும். எத்தனை பக்கம் என்று எனக்கே தெரியாது.”

வேதியியல் ஆசிரியர் சொன்னார்: “எல்லாக் கிதாபையும் விரித்துப் படமெடுக்க முடியாது. சிலதை விரித்தாலே பொடியாகும். மையில் தாளைத் தின்னும் இரும்பு இருக்கிறதா என்று ஒரு சிறு தாள்துண்டை நனைத்து ஒற்றிப் பார்க்கலாம். சிவந்தால் ஆபத்து. எது அவசரம், எது பொறுக்கும் என்று நான் வரிசைப்படுத்தித் தர முடியும். ஆனால் அவசரமான நூறில் எது முக்கியம் என்று எனக்குப் படிக்கத் தெரியாதே!”

கவனித்தீர்களா? ஒவ்வொருவரும் தனக்குத் தெரியாத இடத்தைச் சொன்ன அந்த நிமிடத்தில்தான் கேள்வி பிறந்தது. இரண்டாவது விண்ணப்பத்தில் அவர்கள் எழுதிய கேள்வி இது: “மை தாளைத் தின்று முடிக்குமுன் எந்தப் பக்கங்களை முதலில் படமெடுக்க வேண்டும், அவற்றில் எத்தனை பக்கத்தை மனிதர் படித்துக் கொடுத்தால் மீதியை இயந்திரம் நம்பத்தக்க அளவில் படிக்கும்?” மூன்றில் ஒருவர் இல்லையென்றாலும் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

அளவையும் சுருக்கினார்கள். முதல் விண்ணப்பத்தில் தமிழகக் கடற்கரை முழுவதும் என்று இருந்தது. இரண்டாவதில் நம் ஊர், 40 கிதாபு, 12 மாதம். விதைப்பணத்துக்குத் தக்க நிலம் அவ்வளவுதான்.

படிவத்தை நிரப்பும்போது

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் படிவம் வேறு. ஆனாலும் கேட்பது ஏறக்குறைய ஒன்றே. அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, உங்கள் விண்ணப்பத்தைப் படிப்பவர் உங்கள் துறைக்காரர் அல்ல. குழுவில் தாவரவியல் பேராசிரியர் இருப்பார், பொருளாதாரப் பேராசிரியர் இருப்பார். அரபுத்தமிழ் என்ற சொல்லையே அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பார். ஆகவே சுருக்கத்தை எழுதி முடித்ததும் வீட்டில் உம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். உம்மா நடுவில் நிறுத்தி “அப்படின்னா என்ன?” என்று கேட்கும் இடத்தில் அடித்து எழுதுங்கள். எங்கள் சகோதரி அப்படித்தான் செய்தார். ஒன்பது இடத்தில் உம்மா நிறுத்தினார்களாம்.

இரண்டாவது, முன்பு செய்யப்பட்ட ஆய்வுகளைச் சொல்லும் பகுதி. இதில் பிறர் எழுதியதை வெட்டி ஒட்டும் பழக்கம் வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் கொண்டுவந்த விதிகளின்படி பத்து சதவீதத்துக்கு மேல் ஒத்திருந்தால் நடவடிக்கைக்குரியது. அந்த விதி ஆய்வேடு, கட்டுரை போன்றவற்றுக்கு என்றாலும் விண்ணப்பத்தையும் மென்பொருளில் போட்டுப் பார்க்கும் இடங்கள் உண்டு. விதி ஒருபுறம் இருக்கட்டும். அடுத்தவர் உழைப்பைத் தன்னுடையது என்று காட்டுவது அமானிதத்தில் கை வைப்பதுதான்.

மூன்றாவது, யார் எந்த மாதத்தில் என்ன செய்வார் என்ற அட்டவணை. இதில்தான் கூட்டு உண்மையா பொய்யா என்று தெரியும். நம் பிள்ளைகளின் அட்டவணையில், முதல் மூன்று மாதம் மைச் சோதனையும் வீடு வீடாகப் பட்டியல் எடுப்பதும். அந்தப் பட்டியல் வராமல் நான்காம் மாதம் கேமரா தொடங்காது. ஐம்பது பக்கம் படித்துக் கொடுத்ததும் இயந்திரத்தைச் சோதிப்பார்கள், பிழையை எண்ணுவார்கள். பிறகு நூறு, நூற்றைம்பது என்று கூட்டிக்கொண்டே போவார்கள். பிழை எந்த இடத்தில் குறையாமல் நிற்கிறதோ அங்கே நிறுத்துவார்கள். ஒருவர் கொடுப்பதை அடுத்தவர் வாங்கும் இடங்கள் அட்டவணையில் அம்புக்குறியாகவே தெரிந்தன.

நான்காவது, தோற்றுப்போனால் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். பலர் பயந்து விட்டுவிடுகிறார்கள். இயந்திரம் சரியாகப் படிக்கவில்லை என்றால்? அப்போதும் 40 கிதாபின் படங்களும் விவரப் பட்டியலும் நூலகத்தில் இருக்கும் என்று அவர்கள் எழுதினார்கள். படிக்கும் குழுவுக்கு அது நம்பிக்கை கொடுத்தது.

பணக் கணக்கு

வரவு செலவுத் திட்டம் என்றதும் நம் பிள்ளைகள் முதலில் எழுதுவது மடிக்கணினி. குழு முதலில் வெட்டுவதும் அதையே. நிறுவனத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று விசாரித்து, அதைப் பயன்படுத்திக்கொள்வோம் என்று எழுதுங்கள். கேமரா காட்சித் தொடர்பியல் துறையில் இருந்தது. இரவல் கேட்டுக் கடிதம் வாங்கி இணைத்தார்கள்.

அவர்கள் கேட்டது இரண்டு லட்சம் ரூபாய். கேமராவுக்குத் தாங்கியும் விளக்கும் 45,000. சோதனைத் தாள்கள், புளிப்பில்லாத அட்டைப் பெட்டிகள் 30,000. தகவல் சேமிக்கும் வட்டுகள் 15,000. பயணம் 20,000. உதவி மாணவர்களுக்கு 20,000. எதிர்பாராச் செலவு 10,000. மிச்சம் 60,000 யாருக்கு? படித்துக் கொடுக்கும் ஆலிமுக்கு. 300 பக்கம், பக்கத்துக்கு 200 ரூபாய்.

இந்தக் கடைசி வரியில்தான் பெரிய பேச்சு நடந்தது. எங்களில் சிலர் மத்ரஸாவில் ஓதி ஸனது வாங்கிவிட்டுப் பிறகு கல்லூரிக்குப் போனவர்கள். எங்களுக்கு இந்த இடம் வலிக்கும். அந்த ஆலிமுக்கு வயது எழுபதுக்கு மேல். அவர் படிப்பதுபோல் படிக்க இன்று அந்த நிறுவனத்தில் ஒருவரும் இல்லை. ஆனால் படிவத்தில் ‘கல்வித் தகுதி’ என்ற கட்டத்தில் போட அவரிடம் பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. முதன்மை ஆய்வாளர், இணை ஆய்வாளர் இரண்டுமே நிறுவனத்தின் ஆசிரியராக இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. முதல் விண்ணப்பத்தில் அவர் பெயரே இல்லை. “ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்வோம், நம்ம ஆள்தானே” என்று விட்டிருந்தார்கள். நம்ம ஆள் என்றால் கூலி இல்லை, பெயரும் இல்லை என்று அர்த்தமா?

இரண்டாவது முறை அவரைக் கள வல்லுநர் என்று சேர்த்தார்கள். எத்தனை ஆண்டு ஓதினார், எத்தனை கிதாபுகள் நடத்தினார் என்று ஒரு பக்கம் எழுதி இணைத்தார்கள். மதிப்பூதியம் கொடுக்க விதி இடம் தருகிறதா என்று முன்கூட்டியே அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்தார்கள். வெளியாகும் கட்டுரையில் அவர் பெயரும் வரும் என்று விண்ணப்பத்திலேயே எழுதினார்கள். பிற்பாடு சேர்க்கலாம் என்று நினைத்தால் சேர்க்க முடியாது. முதலிலேயே எழுதிவிடுங்கள்.

கிடைத்தது, கிடைக்காதது

இந்த ஆண்டு நிதி கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். கேட்டதில் பாதி. ஒரு லட்சம். எதைக் குறைப்பது என்று மூவரும் உட்கார்ந்தார்கள். கிதாபை 40-லிருந்து 25 ஆக்கினார்கள். மாணவர் உதவியை விட்டார்கள். விளக்கை நம் அறக்கட்டளை வாங்கிக் கொடுத்தது. பக்கங்களை 300-லிருந்து 200 ஆக்கினார்களே தவிர, பக்கத்துக்கு 200 ரூபாய் என்பதில் கை வைக்கவில்லை. அவர்கள் அப்படித் தீர்மானித்ததில் நமக்குப் பெருமை.

பணம் வந்த பிறகு வேறொரு கவனம் வேண்டும். பெரும்பாலும் தவணையாகத்தான் வரும். நடுவில் குழு கூப்பிட்டு முன்னேற்றம் கேட்கும். முடிவில் செலவுக் கணக்கும், பயன்பாட்டுச் சான்றிதழும் கொடுக்க வேண்டும். மிச்சம் இருந்தால் திருப்பிக் கட்ட வேண்டும். நமக்குத் தெரிந்த ஓர் ஆசிரியர் வேலையை நன்றாகச் செய்தார், ரசீதுகளைச் சேர்த்து வைக்கவில்லை. ஆட்டோ, ஜெராக்ஸ், மரச்சட்டம் என்று கைக்காசிலிருந்து போட்டது போட்டதுதான். கணக்கு முடியாததால் அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கவும் முடியவில்லை. ஒரு உறையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தேநீர்க் கடை நீங்கலாக எல்லா ரசீதும் அதற்குள் போகட்டும்.

குடும்பத்தார் செய்ய வேண்டியது

இப்போது பிள்ளைகளை விட்டுவிட்டு வீட்டில் இருப்பவர்களிடம் வருகிறோம். இந்த ஆய்வுக்கு ஆதாரம் கல்லூரியில் இல்லை, உங்கள் பரணிலும் ட்ரங்குப் பெட்டியிலும் இருக்கிறது. நீங்கள் திறந்தால்தான் அவர்கள் விண்ணப்பமே எழுத முடியும்.

வீட்டில் கையெழுத்துக் கிதாபு இருந்தால் லேமினேஷன் போடாதீர்கள். நாம் போட்டது போதும். செலோடேப் ஒட்டாதீர்கள். பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வைக்காதீர்கள். கடற்கரை ஊரில் உள்ளே ஈரம் கட்டிப் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் காயப் போடாதீர்கள். துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, சுவரில் ஒட்டாமல், காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். நாள்பட்டு ஒட்டிக்கொண்ட பக்கத்தைப் பிரிக்க முயலாதீர்கள்.

விற்காதீர்கள். 75 ஆண்டுக்கு மேற்பட்ட, வரலாற்று அல்லது இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி, 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருளாகவே கருதப்படும். உரிமம் இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். “துபாயில் ஒருவர் கேட்கிறார்” என்று தரகர் வந்தால் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

ஆய்வுக்கு வரும் பிள்ளை நல்ல பிள்ளைதான் என்றாலும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கிதாபு உங்களுடையது, வீட்டை விட்டு எத்தனை நாள் வெளியே போகும், படத்தின் ஒரு பிரதி உங்களுக்கு எப்போது வரும், எதை வெளியிடலாம், எதை வெளியிடக்கூடாது என்று ஒரு தாளில் இருக்க வேண்டும். அந்த உம்மம்மாவின் கிதாபில் கடன் கணக்கும் இருந்தது என்று சொன்னோம். எந்த வீட்டுக்கு யார் கடன்பட்டார் என்பது இன்றைக்கும் சங்கடம் தரும் செய்தி. அந்தப் பக்கத்தை மூடி வைக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவும் இந்த ஒப்புதலைக் கேட்கும். நீங்கள் கையெழுத்திட்ட அந்தத் தாள் பிள்ளைகளின் விண்ணப்பத்துக்கு நாம் கொடுக்கும் ஆதரவுக் கடிதத்தைவிடப் பலம்.

பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தக் கிதாபுகளில் பல பெண்கள் எழுதியவை, பெண்களிடமே இருப்பவை. உள்வீட்டில் லாத்தாமார்களோடு உட்கார்ந்து, பெட்டியைத் திறக்கச் சொல்லி, அது யார் எழுதியது, எப்போது ஓதுவார்கள் என்று கேட்டு எழுத ஒரு பெண்ணால்தான் முடியும். அரபி ஆசிரியர் மூன்று ஆண்டாக வாசல் திண்ணையோடு திரும்பிய வீடுகளில், கணினி சகோதரி போன முதல் வாரத்திலேயே ஏழு கிதாபைக் கண்டார். “ஆய்வு, ஊர் சுற்றுவது எல்லாம் எதற்கு, பாடம் நடத்திவிட்டு வீட்டுக்கு வா” என்று சொல்லாதீர்கள்.

நாம் செய்யப்போவது

அறக்கட்டளையின் சார்பில் நான்கு காரியங்களை ஏற்றுக்கொள்கிறோம். ஒன்று, எந்த நிறுவனத்தில் எப்போது விண்ணப்பம் கேட்கிறார்கள் என்ற விவரத்தை நீங்கள் சொன்னால் இந்த மடலில் வெளியிடுவோம். இரண்டு, விண்ணப்பம் எழுதுகிறவர்கள் வேறு வேறு துறைக்காரர்களோடு உட்கார்ந்து பேச நம் அலுவலக மேல்மாடியை வெள்ளிக்கிழமை மாலைகளில் திறந்து வைப்போம். தேநீர் நம்முடையது. மூன்று, தவணை வரத் தாமதமாகும்போது வேலை நிற்காமல் இருக்க, வட்டியில்லாக் கடனாக ஒரு தொகையை ஒதுக்கியிருக்கிறோம். தவணை வந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நான்கு, அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்த ஆலிம்களும் லாத்தாமார்களும் யார் யார் என்ற பட்டியலை மஹல்லாவாரியாக எடுக்கப்போகிறோம். உங்கள் வீட்டு உம்மம்மாவுக்குத் தெரியும் என்றால் வந்து சொல்லுங்கள். அவர்கள் ஓதுவதை அவர்கள் குரலிலேயே பதிவு செய்துவைக்க வேண்டும்.

அரபுத்தமிழ் ஓர் உதாரணம்தான். நம் ஊர்க் கிணறுகளில் உப்பு ஏறுவதை வேதியியலும் புவியியலும் வரலாறும் சேர்ந்து ஆராயலாம். கரைவலை மீனவரின் காற்றுக் கணக்கை இயற்பியல் ஆசிரியரும் தமிழ் ஆசிரியரும் சேர்ந்து எழுதலாம். எதுவானாலும் அதே சோதனைதான்: கூட்டாளியை எடுத்துவிட்டால் உங்கள் வேலை நிற்குமா?

அந்தப் பிளாஸ்டிக் கிதாபு இன்னும் நம் அலுவலக அலமாரியில் இருக்கிறது. வீட்டாரிடம் திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்த உம்மா, “உங்களிடமே இருக்கட்டும், வருகிறவர்களுக்குக் காட்டுங்கள்” என்று சொல்லிவிட்டார்கள். போகும்போது ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள். எழுத்து மிஞ்சியிருக்கும் பக்கங்களை அந்த ஆலிம் இப்போது பிளாஸ்டிக்குக்கு மேலாகவே படித்துக்கொண்டிருக்கிறார். இதுவரை பதினொரு பக்கம் ஆகியிருக்கிறது. கண்ணுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்கிறார். அந்தச் செலவை நாம் ஏற்றிருக்கிறோம்.

நம் பிள்ளைகளின் கல்வியிலும் உழைப்பிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.